மேசைமேல் அணுக்கரு இணைவு: அடுப்பு எரியும், சோறு வேகாது

வீட்டில் முன்பு இருந்த குண்டு டிவியை நினைத்துப் பாருங்கள். பின்பக்கம் துருத்திக்கொண்டு, இடம் மாற்ற வேண்டுமென்றால் இரண்டு ஆள் தேவைப்பட்ட அந்தப் பெட்டி. அதன் படக்குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் சுமார் 20,000 வோல்ட்டில் விரட்டப்பட்டுத் திரையில் மோதிக்கொண்டே இருந்தன. இயற்பியலில் ஒரு மாற்றுக் கணக்கு உண்டு. ஒரு எலெக்ட்ரானை 1 வோல்ட் மின்னழுத்தம் இழுத்தால் அதற்குக் கிடைக்கும் ஆற்றல், ஏறத்தாழ 11,600 டிகிரி வெப்பநிலைக்குச் சமம். அப்படிப் பார்த்தால், நாம் நெடுந்தொடர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் டிவிக்குள் ஓடிய ஒவ்வொரு எலெக்ட்ரானும் 23 கோடி டிகிரிக்குரிய ஆற்றலோடு ஓடிக்கொண்டிருந்தது. சூரியனின் மையத்திலேயே ஒன்றரைக் கோடி டிகிரிதான்.

பிறகு ஏன் பெட்டி உருகி வழியவில்லை? தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தும்போது தெறிக்கும் பொறி ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடானது. கையில் பட்டால் பெரும்பாலும் சுருக்கென்று ஒரு குத்தல், அவ்வளவுதான். ஒரு சொம்பு வெந்நீர் நூறு டிகிரிதான், ஆனால் காலில் கொட்டினால் கொப்புளம் நிச்சயம். வெப்பநிலை என்பது ஒவ்வொரு துகளும் எவ்வளவு வேகமாக அலைகிறது என்பது. நம்மைச் சுடுவதற்கு அப்படிப்பட்ட துகள்கள் நிறைய வேண்டும். டிவிக்குள் அவை சொற்பம்.

இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால், அணுக்கரு இணைவு, அதாவது இரண்டு சிறு அணுக்கருக்கள் ஒன்றாக ஒட்டி ஆற்றல் தருவது பற்றிய ஒரு விநோதமான உண்மை புரிந்துவிடும். இணைவு என்றதும் பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கும் ஐடர் போன்ற ராட்சத இயந்திரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சாப்பாட்டு மேசை அளவு இடத்திலேயே இணைவை நிகழ்த்தலாம். 2008-இல் அமெரிக்காவில் 14 வயதுப் பையன் ஒருவன் செய்து காட்டினான். ஏமாற்று வேலை இல்லை, உண்மையான அணுக்கரு இணைவு. இணைவை நிகழ்த்துவது அவ்வளவு பெரிய கஷ்டமே இல்லை. அதில் போட்ட முதலைத் திரும்ப எடுப்பதுதான் கஷ்டம்.

ஒட்டாததை ஒட்டவைப்பது

ஹைட்ரஜனின் கருவில் ஒரு புரோட்டான் மட்டுமே இருக்கும். அதோடு ஒரு நியூட்ரானும் சேர்ந்திருந்தால் அது டியூட்டீரியம். கல்பாக்கத்தில் மின்சாரம் தரும் உலைகளில் பயன்படும் கனநீரின் 'கனம்' இதனால் வந்ததுதான். கடல்நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,400-க்கு ஒன்று டியூட்டீரியம். ஆக, எரிபொருளுக்குப் பஞ்சமில்லை.

இரண்டு டியூட்டீரியக் கருக்களை நெருக்கினால் இரண்டுமே நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் விலக்கும். நெருங்க நெருங்க விலக்கமும் கூடும். ஆனால் மிக மிக அருகில் வந்துவிட்டால், அணுக்கருவைக் கட்டிவைத்திருக்கும் வலுவான விசை பிடித்து இழுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு மலை, மலைக்கு அந்தப் பக்கம் பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையை ஏறித் தாண்டும் அளவுக்கு வேகம் வேண்டும் என்றால் சூரியனே எரியாது, ஏனென்றால் அதன் மையத்துச் சூடு அதற்குப் போதாது. குவாண்டம் விதிகளின்படி, மலையை ஏறாமலே ஊடுருவி அந்தப் பக்கம் போய்விடச் சிறு வாய்ப்பு எப்போதும் உண்டு. 1928-இல் ஜார்ஜ் காமோவ் இந்த ஊடுருவலை விளக்கினார். அடுத்த ஆண்டே அட்கின்சன், ஹூட்டர்மான்ஸ் என்ற இருவர் அதைச் சூரியனுக்குப் பொருத்திப் பார்த்தார்கள்.

இதனால் ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சலுகை கிடைக்கிறது. சில பத்தாயிரம் வோல்ட் இருந்தாலே ஊடுருவும் வாய்ப்பு அளக்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும். 1934-இல் கேம்பிரிட்ஜில் ஒலிஃபன்ட், ஹார்ட்டெக், ரதர்ஃபோர்டு மூவரும் டியூட்டீரியத்தை டியூட்டீரியத்தின்மேல் வீசி இணைத்துவிட்டார்கள். கவனியுங்கள், யுரேனியக் கருவைப் பிளக்க முடியும் என்று உலகம் அறிந்தது 1938-இன் கடைசியில்தான். 'எதிர்காலத் தொழில்நுட்பம்' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் இணைவு, ஆய்வுக்கூடத்தில் பிளவுக்கு அண்ணன்.

இரண்டு டியூட்டீரியம் சேர்ந்தால் ஏறத்தாழ சரிபாதி வாய்ப்பில் இரண்டில் ஒன்று நடக்கும். ஹீலியம்-3 உருவாகி ஒரு நியூட்ரான் பறக்கும், இல்லையென்றால் டிரிட்டியம் (இரண்டு நியூட்ரான் கொண்ட ஹைட்ரஜன்) உருவாகி ஒரு புரோட்டான் பறக்கும். அந்த நியூட்ரான்தான் இந்தத் துறையில் சாட்சி. 'நான் இணைவை நிகழ்த்திவிட்டேன்' என்று யார் சொன்னாலும் முதலில் கேட்கப்படுவது, 'நியூட்ரான் எத்தனை?' என்பதுதான்.

டிவி கண்டுபிடித்தவரின் இன்னொரு பெட்டி

ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் 1927-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் முழுக்க மின்னணு முறையில் இயங்கும் தொலைக்காட்சியில் ஒரு கோட்டைக் காட்டியபோது அவருக்கு வயது 21. அதற்குப் பிறகு வெற்றிடக் குழாய்களோடேயே வாழ்ந்த மனிதர். மின்துகள்களை வெறும் மின்புலத்தால் ஓரிடத்தில் குவிக்க முடியும் என்று அந்தக் குழாய்கள் அவருக்குக் காட்டிக்கொடுத்தன. 1960-களில் இந்தியானா மாநிலம் ஃபோர்ட் வேனில், ஐடிடி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அந்த யோசனையை இணைவுக்குத் திருப்பினார். கருவியின் பெயர் ஃபியூசர்.

இன்று பலரும் செய்யும் எளிய வடிவம் இப்படி இருக்கும். ஒரு எஃகுக் கோளம். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில் டியூட்டீரிய வாயுவைக் கசியவிடுவார்கள். நடுவில் கம்பியால் செய்த ஒரு சிறு கூண்டு, எலுமிச்சையோ ஆரஞ்சோ அளவில். அந்தக் கூண்டுக்கு மைனஸ் 30,000 வோல்ட் போலக் கொடுத்தால், வாயு மின்னேற்றம் பெற்று அயனிகளாகும். நேர்மின்னூட்டம் கொண்ட டியூட்டீரிய அயனிகள் எல்லாத் திசையிலிருந்தும் கூண்டை நோக்கி விழும். கம்பிகளுக்கு இடையே புகுந்து, மையத்தைத் தாண்டி, மறுபக்கம் வெளியேறி, வேகம் இழந்து, திரும்ப மையத்துக்கே விழும்.

வாணலியின் விளிம்பிலிருந்து கோலிக்குண்டை உருட்டிவிட்டால் அடிவரை வந்து, எதிர்ப்பக்கம் ஏறி, மறுபடி இறங்குமே, அதே ஆட்டம்தான். ஒரு வாணலியில் கோடிக்கணக்கான கோலிகளை நாலாபுறமிருந்தும் உருட்டிவிட்டால் நடுவில் சில மோதத்தானே செய்யும்? சரியாக இயங்கும்போது கூண்டுக்குள் ஊதா நிறத்தில் ஒரு ஒளிப்பந்து தெரியும், கம்பி இடைவெளிகள் வழியாகக் கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க மிக அழகு. படங்களில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 30,000 வோல்ட் ஒரே தொடுதலில் ஆளைக் கொல்லும். கூடவே எக்ஸ் கதிரும் நியூட்ரானும் வரும். அமெரிக்காவில் இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள்கூடக் கருவிக்குப் பக்கத்தில் நிற்காமல் தள்ளி நின்று, கேமரா வழியாகத்தான் பார்க்கிறார்கள்.

வரவு செலவு

சரி, கணக்குக்கு வருவோம். 30,000 வோல்ட், 10 மில்லி ஆம்பியர் என்றால் உள்ளே போவது 300 வாட். நன்றாக இயங்கும் ஒரு பொழுதுபோக்கு ஃபியூசர் வினாடிக்கு 10 லட்சம் நியூட்ரான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைவில் பாதிதான் நியூட்ரான் தரும் என்பதால் வினாடிக்கு 20 லட்சம் இணைவுகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அத்தனையும் சேர்ந்து தரும் திறன், ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். போட்டதற்கும் வந்ததற்கும் 25 கோடி மடங்கு வித்தியாசம். பொன் வைக்கும் இடத்தில் பூகூட வைக்கவில்லை.

எங்கே கசிகிறது? முதல் கசிவு கூண்டுக் கம்பி. கூண்டின் பரப்பில் 95 சதவீதம் இடைவெளி, 5 சதவீதம் கம்பி என்று வைத்தால், சராசரியாக இருபது முறை கடப்பதற்குள் ஒரு அயனி கம்பியில் முட்டி வீணாகும். கம்பி சிவக்கும், அவ்வளவுதான் பலன். இதற்குக் கம்பியே இல்லாத கூண்டு செய்யலாமே என்று தோன்றும். ராபர்ட் பஸ்ஸார்டு என்ற இயற்பியலாளர் அப்படித்தான் நினைத்தார். காந்தச் சுருள்களால் எலெக்ட்ரான்களை நடுவில் பிடித்து வைத்து, அவற்றையே கூண்டாக்கும் 'பாலிவெல்' என்ற கருவிக்கு அமெரிக்கக் கடற்படை பல ஆண்டுகள் பணம் கொடுத்தது.

ஆனால் கம்பியை எடுத்தாலும் இரண்டாவது கசிவு நிற்காது. மாமரத்தில் கல்லெறிவதை எண்ணிக்கொள்ளுங்கள். குறி பார்த்து எறிந்த கற்களில் பெரும்பாலானவை இலையில் உரசும், கிளையில் பட்டுத் திசை மாறும், ஏதோ ஒன்றுதான் காம்பில் படும். அயனிகளும் அப்படியே. இரண்டு கருக்கள் ஒட்டிக்கொள்வதற்கு முன், பல ஆயிரம் தடவைக்கு மேல் ஒன்றையொன்று விலக்கித் திசை திரும்பிவிடுகின்றன. ஒவ்வொரு திரும்பலிலும் கஷ்டப்பட்டுக் கொடுத்த ஒழுங்கான வேகம் சிதறுகிறது. ஃபியூசரில் சுற்றிலும் குளிர்ந்த வாயு வேறு இருப்பதால், அந்த ஆற்றல் அதைச் சூடாக்குவதில் கரைந்துபோகிறது. 1995-இல் எம்ஐடி மாணவர் டாட் ரைடர் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதைக் கறாராகக் கணக்குப் போட்டார். துகள்களை ஒழுங்கான வேகத்திலேயே வைத்திருக்கச் செலவாகும் ஆற்றல், பெரும்பாலான எரிபொருள்களுக்கு இணைவில் வரும் ஆற்றலைவிட அதிகம் என்பது அவர் முடிவு. இதை இன்றும் மறுத்து வாதிடுபவர்கள் உண்டு. என் பார்வையில், மறுப்பவர்கள் யாரும் கருவியில் காட்டி நிரூபிக்காதவரை ரைடர் பக்கம்தான் தராசு சாய்கிறது.

அண்டாவும் டம்ளரும்

அப்படியானால் பெரிய இயந்திரங்களுக்கு மட்டும் இந்த உரசல் தொல்லை இல்லையா? அங்கும் உண்டு, அதே அளவு உண்டு. ஆனால் அங்கே எல்லாத் துகளும் ஏற்கெனவே சூடாக இருக்கின்றன. உரசலில் ஒன்று இழப்பதை இன்னொன்று வாங்கிக்கொள்ளும். அண்ணன் பையிலிருந்து தம்பி பைக்குப் போன பணம் போல, வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. எல்லாமே சேர்ந்து சூடாக, எல்லாமே சேர்ந்து ஒரே இடத்தில் அடைபட்டிருந்தால், எத்தனை தடவை உரசினாலும் நஷ்டமில்லை. என்றாவது ஒரு மோதலில் ஒட்டிக்கொள்ளும்வரை காத்திருக்கலாம்.

அதற்குத் தேவை மூன்று: போதுமான வெப்பநிலை, போதுமான அடர்த்தி, சூடு ஆறாமல் தாங்கும் நேரம். 1950-களில் ஜான் லாசன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதை ஒரு கணக்காக எழுதிவைத்தார். ஃபியூசர் முதலாவதைச் சுலபமாக வாங்கிவிடுகிறது, நம் பழைய டிவியைப் போலவே. மற்ற இரண்டும்தான் அதனிடம் இல்லை.

நேரம் என்று வந்ததும் அளவு நுழைந்துவிடுகிறது. கல்யாணவீட்டு அண்டாவில் சாம்பார் மணிக்கணக்கில் சூடாக இருக்கும், டம்ளர் காபி பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடும். சூடு உள்ளே முழுப் பருமனிலும் இருக்கிறது, வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. உருவம் பெருக்கப் பெருக்கப் பருமன் வேகமாக வளரும், மேற்பரப்பு பின்தங்கும். ஐடரின் பிளாஸ்மாவுக்கு (அயனிகளும் எலெக்ட்ரான்களுமாகப் பிரிந்த சூடான வாயுவுக்கு) 800 கன மீட்டருக்கும் மேல் இடம் ஒதுக்கியிருப்பது ஆடம்பரத்துக்காக இல்லை. சூரியன் இதில் உச்சம். அதன் மையத்தில்கூட ஒரு கன மீட்டரில் உருவாகும் திறன் 300 வாட்டுக்கும் குறைவுதான். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார், அவர் உடல் அடைப்பதோ ஒரு கன மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே இடத்தை ஆட்களால் நிரப்பினால் சூரியன் தோற்றுவிடும். அது ஜொலிப்பது பிரமாண்டமான அண்டாவாக இருப்பதால்தான். ஃபியூசரை 'குட்டிச் சூரியன்' என்று எழுதும் செய்தியாளர்களிடம் எனக்குள்ள வருத்தமும் இதுதான். குட்டியாக இருந்தால் சூரியனாக இருக்க முடியாது.

குறுக்கு வழிகள்

சிறியதாகவே இருந்துகொண்டு லாசனின் கணக்கை ஏமாற்ற முயன்றவர்கள் பலர். நேரம் கிடைக்காவிட்டால் அடர்த்தியைப் பெருக்கிவிடலாம் என்பது ஒரு வழி. அடர்பிளாஸ்மா குவிப்பான் என்ற கருவி அந்த வகை. ஒரே திசையில் மின்சாரம் பாயும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும். பிளாஸ்மாவுக்குள் லட்சக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடிப்பில் பாய்ச்சினால், அது தன்னைத்தானே இழுத்து இறுக்கி ஊசிபோல ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தில் இணைவு நடக்கும். 1960-களில் அமெரிக்காவில் மேத்தரும் சோவியத்தில் ஃபிலிப்போவும் தனித்தனியே உருவாக்கியது இது.

இதன் கதையில் எனக்குப் பிடித்த பகுதி கோலாலம்பூரில் நடந்தது. 1980-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சிங் லீ என்ற பேராசிரியர், 15,000 வோல்ட்டுக்கு ஏற்றிய ஒரே ஒரு 30 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வைத்து ஒரு சிக்கனமான குவிப்பானை வடிவமைத்தார். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் வளரும் நாடுகளின் ஆய்வாளர்களை வரவழைத்து, அதைச் செய்யவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொடுத்து அனுப்பினார். டெல்லி, இஸ்லாமாபாத், எகிப்து என்று பல இடங்களுக்கு அந்தக் கருவி போய்ச் சேர்ந்தது. பெரும்பணம் இல்லாத ஆய்வுக்கூடங்களும் உண்மையான இணைவு நியூட்ரான்களை எண்ணத் தொடங்கின. ஒரு சுடுதலுக்குச் சுமார் 10 கோடி நியூட்ரான். ஆற்றல் கணக்கில் அங்கேயும் சில கோடி மடங்கு நஷ்டம்தான். மின்தேக்கியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் நியூட்ரான் அதைவிட வேகமாகக் கூடும் என்பது முதலில் உற்சாகம் தந்தது. ஓர் அளவுக்கு மேல் அந்த வளர்ச்சி தேங்கிவிடுகிறது.

இதைவிட விசித்திரமான ஒன்று 2005-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. சில படிகங்களைச் சூடாக்கினாலே அவற்றின் முகங்களில் மின்னழுத்தம் உருவாகும். லித்தியம் டாண்டலேட் என்ற அப்படிப்பட்ட படிகத்தைக் குளிரவைத்து, மெல்லச் சில பத்து டிகிரி சூடாக்கியபோது அது ஒரு லட்சம் வோல்ட்டைத் தாண்டியது. அதன் நுனியிலிருந்த டங்ஸ்டன் ஊசி டியூட்டீரிய அயனிகளை எதிரிலிருந்த இலக்கின்மேல் எறிந்தது. வினாடிக்கு எண்ணூறு போல நியூட்ரான் வந்தது. இணைவு என்பதில் சந்தேகமே இல்லை. மின்சாரத்துக்குப் பயன்படும் என்று அதைச் செய்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை.

வரவு செலவில் மிக நெருங்கி வந்தது மியூவான் வழி. மியூவான் என்பது எலெக்ட்ரானைப் போன்றது, ஆனால் 207 மடங்கு கனமானது. அது எலெக்ட்ரானின் இடத்தில் உட்கார்ந்தால் இரண்டு கருக்களும் இருநூறு மடங்கு நெருக்கமாக வந்து, எந்தச் சூடும் இல்லாமலே இணைந்துவிடும். பிறகு மியூவான் விடுபட்டு அடுத்த ஜோடிக்குத் தாலி கட்டிவைக்கப் போய்விடும். ஆயுள் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் என்றாலும், அதற்குள் ஒரு மியூவான் சுமார் 150 இணைவுகளை முடித்துவைப்பதை அளந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மியூவானை உருவாக்க ஆகும் செலவு, அது சம்பாதித்துத் தருவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடைசியில் அது ஏதாவது ஒரு ஹீலியத்தோடு ஒட்டிக்கொண்டு வேலையை விட்டுவிடுகிறது. இவ்வளவு பக்கத்தில் வந்து கை நழுவிய வழி வேறில்லை.

சாட்சியை விசாரிப்பது

நியூட்ரான் வந்தாலே போதாது, எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். 1958 ஜனவரியில் பிரிட்டன் 'ஸீட்டா' என்ற கருவியில் இணைவு கைகூடிவிட்டது என்று பெருமையோடு அறிவித்தது. நியூட்ரான் உண்மைதான். ஆனால் பிளாஸ்மா முழுதும் சூடாகி வரவில்லை, நிலைகுலைந்த பிளாஸ்மாவில் ஏதோ சில அயனிகள் மட்டும் முடுக்கப்பட்டு வந்தவை. சில மாதங்களில் அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதாவது, பெரும் செலவு செய்து அவர்கள் செய்திருந்தது ஒருவகையில் விலையுயர்ந்த ஃபியூசர். 1989 மார்ச்சில் யூட்டாவில் பான்ஸ், ஃபிளைஷ்மன் இருவரும் சாதாரண அறை வெப்பநிலையிலேயே நடந்ததாக அறிவித்த 'குளிர் இணைவு' இதற்கு நேரெதிர். அவர்கள் சொன்ன அளவு வெப்பம் இணைவால் வந்திருந்தால், அதற்கேற்ற நியூட்ரான்கள் அந்த அறையில் இருந்தவர்களை உயிரோடு விட்டிருக்காது. சாட்சியே வரவில்லை.

வெற்றிச் செய்திகளையும் இதே கண்ணோடு படிக்கலாம். 2022 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் லேசர் ஆய்வுக்கூடத்தில், எரிபொருள் இலக்கின்மேல் விழுந்த 2.05 மெகாஜூலுக்கு 3.15 மெகாஜூல் திரும்பக் கிடைத்தது. அது நிஜமான மைல்கல். ஆனால் அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல்.

ஃபார்ன்ஸ்வொர்த் தன் ஃபியூசர் மின்சாரம் தருவதைப் பார்க்கவில்லை. சொந்தமாக நிறுவனம் தொடங்கி, பணம் தீர்ந்து, 1971-இல் இறந்தார். அவருடன் வேலை பார்த்த ராபர்ட் ஹிர்ஷ், 1967-இல் ஃபியூசரில் வினாடிக்கு 100 கோடிக்கும் மேல் நியூட்ரான் எடுத்தவர். சில ஆண்டுகளில் அமெரிக்க அரசின் இணைவுத் திட்டத்துக்கே அவர் தலைவரானார். பதவியில் உட்கார்ந்து அவர் பணம் ஒதுக்கியது ஃபியூசருக்கு இல்லை, சூடான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்துவைக்கும் டோகமாக்குக்கு. உள்ளே இருந்து பார்த்தவருக்குக் கணக்கு தெரிந்திருந்தது.

அதற்காகச் சின்னக் கருவிகள் வீண் என்று சொல்ல முடியாது. ஆற்றலை மறந்துவிட்டு நியூட்ரானை மட்டும் கேட்டால் அவை கொடுத்துவிடும், சுவிட்சை அணைத்தால் நிறுத்தியும்விடும். எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்கிறார்கள். டியூட்டீரியமும் டிரிட்டியமும் அடைத்த ஒரு சிறு முடுக்கிக் குழாயைக் கிணற்றுக்குள் கயிற்றில் இறக்கி, உள்ளே இணைவை நிகழ்த்துவார்கள். பறந்து போகும் நியூட்ரான்கள் சுற்றியுள்ள பாறையில் மோத, திரும்பி வரும் காமா கதிரை வைத்துக் கார்பன் அதிகமா ஆக்சிஜன் அதிகமா என்று பார்ப்பார்கள். கார்பன் அதிகமென்றால் எண்ணெய், ஆக்சிஜன் அதிகமென்றால் தண்ணீர். அப்படி இறக்கும் கருவிகளில் சிலவற்றின் தடிமன் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை.